இடியாப்ப நாழியில் பிழிந்த உருளைக்கிழங்கு

தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஊட்டியா, ஆக்ராவா?" பொரியலுக்கும் பூரி மசாலுக்கும் அந்தக் கேள்வி போதும். எந்தக் கிழங்காக இருந்தாலும் வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளிப்பும் சேர்ந்து காப்பாற்றிவிடும். வெறும் கிழங்கு, வெண்ணெய், பால், உப்பு என்று நாலே பொருளில் மசித்து வைக்கிற பண்டத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. கிழங்கு சரியில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

லண்டனில் இருக்கும் அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது, கோழி வறுவலைப் பார்த்துவிட்டு "மாமா, இதுக்கு மேஷ் இல்லையா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது இந்த மசித்த உருளைக்கிழங்கு வேலை. "பூரிக் கிழங்கைத் தாளிக்காம, மஞ்சப்பொடி போடாம வச்சா அதானேடா? அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்பது அம்மாவின் கட்சி. பாதி நியாயம்தான். ஆனால் பூரிக் கிழங்கு அங்கங்கே திப்பி திப்பியாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். இதில் ஒரு திப்பி இருக்கக் கூடாது. பசையாகவும் ஆகிவிடக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. திப்பியைப் போக்க மசிக்க மசிக்கப் பசை ஏறும். நான் செய்து பார்த்ததெல்லாம் இந்த இழுபறியைத் தீர்க்கத்தான்.

முதலில் கிழங்கு. நம் பக்கம் சேப்பங்கிழங்கு விளையும், கருணை விளையும், மரவள்ளி விளையும். உருளை மட்டும் விளையாது. செடி வளரலாம். ஆனால் இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேலேயே நின்றால் மண்ணுக்குள் கிழங்கு ஒழுங்காகப் பிடிக்காது. மார்கழியில்கூட டெல்டாவின் ராத்திரிகள் அதற்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. அதனால் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் நீலகிரிக் கிழங்கு, இல்லையென்றால் உத்தரப் பிரதேசப் பக்கமிருந்து லாரியில் வரும் கிழங்கு. நீலகிரிக் கிழங்கு மண்ணோடு வரும், விலையும் கூட. வடநாட்டுக் கிழங்கு பளிச்சென்று இருக்கும்.

அந்தப் பளிச்சில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வடக்கே தை, மாசியில் தோண்டியதைக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் வைத்து, ஐப்பசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறார்கள். அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். சில சமயம் வறுவல் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிப் போகிறதே, அதற்குக் காரணம் இந்தச் சர்க்கரைதான். வறுவலில் காரப்பொடி அதை மறைத்துவிடும். மசித்த கிழங்கில் மறைக்க ஆளில்லை, லேசான தித்திப்பு அப்படியே நிற்கும். வாங்கியதும் சமைக்காமல் உள்ரூமில் சாக்கைப் பரப்பி, வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் போட்டு வைத்தால் அந்த இனிப்பு பெருமளவு இறங்கிவிடுகிறது. வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்திருந்தால் அந்த இடத்தைத் தடிமனாகச் சீவி எறிந்துவிடுங்கள். கசப்பு மட்டுமில்லை, உடம்புக்கும் ஆகாது.

ஊட்டியா ஆக்ராவா என்பதைவிட முக்கியமான கேள்வி, கிழங்கு மாவுக் கிழங்கா, வழுவழுப்பான கிழங்கா என்பது. வெந்ததும் பூப்பூவாக உதிர்வது முதல் ரகம். வெந்தாலும் துண்டு துண்டாக நிற்பது இரண்டாவது. மசிப்பதற்கு முதல் ரகம் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாம் நல்லா வேகும், எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்பார். பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: ஒரு தம்ளர் உப்புக்குப் பதினொரு தம்ளர் தண்ணீர். கரைத்துவிட்டுக் கழுவிய கிழங்கை உள்ளே விட வேண்டும். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு கனமானது, மூழ்கும். தண்ணீர்ச்சத்து அதிகமுள்ளது மிதக்கும். நம் வீடுகளில் இருக்கும் வேதாரண்யத்துக் கல்லுப்பைத் தம்ளரில் அளந்தால் இடைவெளி நிறைய விழுந்து உப்பு குறைந்துபோகும். இதற்குப் பொடி உப்புதான்.

பெரிய அலுமினியக் குண்டானில் கரைத்து, இரண்டு ஊர்க் கிழங்கையும் போட்டேன். ஊட்டிக் கிழங்கு பெரும்பாலும் அடியில் போய் உட்கார்ந்தது. ஆக்ராக் கிழங்கில் பாதி மேலே, பாதி கீழே. ஒரே சாக்கில் வாங்கிய, ஒரே அளவுள்ள இரண்டு கிழங்கில் ஒன்று மிதக்க, ஒன்று முங்கியதைப் பார்த்த பிறகு ஊர்ப் பெயரை நம்பி விலை கொடுப்பதை விட்டுவிட்டேன். முங்கியது மசிக்க, மிதந்தது குருமாவுக்கு. குருமாவில் கரையாமல் துண்டாக நிற்க அதுதான் நல்லது. அம்மாவுக்கே இந்தப் பகுதி பிடித்துப்போய், இப்போது புதிதாக மூட்டை வந்தால் "அந்த உப்புத் தண்ணில போட்டுப் பாத்தியா?" என்று கேட்கிறார்.

அடுத்தது வேகவைப்பது. இதில் தண்ணீரும் ஒரு கை பார்க்கிறது. புளி கரைத்து ஊற்றிய பிறகு குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். கிழங்கின் அறைகளை, அதாவது செல்களை, ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் கரையாது. சுண்ணாம்புச்சத்து அதிகமுள்ள தண்ணீரிலும் அது இறுகிக்கொள்ளும். எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் ரகம். அதில் வேகவைத்த கிழங்கு, கத்தி இறங்கினாலும் நடுவில் ஒரு மணிக்கட்டி வைத்திருந்தது. குடிக்கப் பிடித்து வைக்கும் கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீரில் அந்தக் கட்டி இல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வைத்துப் பார்த்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை.

தோலோடு முழுசாக, பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உள்ளே வேகும் முன் வெளிப்பக்கம் குழைந்துவிடும். நறுக்கிப் போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் வெட்டுப்பட்ட பக்கமெல்லாம் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குடித்த கிழங்கில் வெண்ணெய்க்கு இடம் ஏது? குக்கர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வேலைக்குப் போகிற வீட்டில் வேறு வழி இல்லை. ஆனால் குக்கரில் எந்த விசிலில் சரியான பதம் என்பது கிழங்குக்குக் கிழங்கு மாறும். ஒரு விசில் கூடினால் தோல் வெடித்துக் கூழாகிவிடும். இட்லிக் கொப்பரையில் தட்டுமேல் வைத்து ஆவியில் வேகவிட்டதுதான் எனக்குப் பிடித்தது. நேரம் கூடுதல்தான், ஆனால் கிழங்கு தண்ணீரையே தொடுவதில்லை; போர் தண்ணீரின் தொல்லையும் இல்லை.

பாக்கெட்டில் வரும் உடனடி மசியல் தூளைச் செய்கிற ஆலைகளில் ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள். கிழங்கைத் துண்டுபோட்டு, கொதிக்கவிடாமல் சுமார் 70 டிகிரித் தண்ணீரில் இருபது முப்பது நிமிடம் வைத்திருந்து, எடுத்துக் குளிரவிட்டு, அப்புறம்தான் முழுசாக வேகவைப்பார்கள். முதல் சூட்டில் மாவுச்சத்து ஊறிப் பருத்துக்கொள்ளும். ஆறும்போது அந்த மாவு இறுகி, மறுபடி எளிதில் கரையாத நிலைக்குப் போய்விடும். அறைச் சுவரும் கெட்டிப்படும். பிறகு எவ்வளவு மசித்தாலும் பசை குறைவு. தயிர் உறை ஊற்றப் பால் சூடு பார்க்க வாங்கிய தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தது. கேஸ் அடுப்பில் 70 டிகிரியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. சிம்மில் வைத்தாலும் ஏறும், அணைத்தால் இறங்கும். அடுப்பை அணைப்பதும் பற்ற வைப்பதுமாகப் பக்கத்திலேயே நின்றேன். பலன் உண்மைதான்: மத்தால் கடைந்தும் பசை வரவில்லை. ஆனால் நாலு பேர் சாப்பாட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து. ஒழுங்கான கருவி இருந்தால் இதே பலன் சுலபமாகக் கிடைக்கும்.

கருவிக்கு வருகிறேன். மிக்ஸியில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே ஒரே ஒரு கிழங்கைச் சின்ன ஜாரில் போட்டு இரண்டு சுற்று விட்டேன். மூடியைத் திறந்தால் சுவரொட்டி ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசை மாதிரி கரண்டியோடு சேர்ந்து மேலே வந்தது. நடந்தது இதுதான். வெந்த கிழங்கில் ஒவ்வொரு அறையும் ஊறிய மாவை அடைத்த சின்னப் பை. பைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தால் மெத்தென்ற மசியல். பைகளையே கிழித்தால் உள்ளே இருக்கும் மாவு வெளியே கொட்டிப் பசை. மிக்ஸி பிளேடுக்குக் கிழிக்க மட்டும்தான் தெரியும்.

கீரை கடையும் மத்து அவ்வளவு மோசமில்லை. ஆனால் கீரைக் கடைசலுக்கு வேண்டிய அந்தச் சுழற்றுதான் இங்கே எதிரி. கடைசித் திப்பியைத் துரத்திக்கொண்டு சட்டி முழுக்கச் சுற்றுவதற்குள் மற்ற பகுதியெல்லாம் இழுபட ஆரம்பித்துவிடும். மத்தைச் சுழற்றாமல் மேலிருந்து கீழாகக் குத்தி மசித்தால் பரவாயில்லை. பருப்பு மத்தின் தட்டையான அடி அதற்கு ஏற்றது. திப்பி கொஞ்சம் இருக்கும், சகித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுச் சமையலறைகளில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஓட்டை போட்ட கிண்ணத்தில் கிழங்கை வைத்து இரண்டு கைப்பிடியையும் சேர்த்து அழுத்தினால் கிழங்கு புழுப்புழுவாக வெளியே வரும். படத்தைப் பார்த்ததும் தோன்றியது, இது நம் வீட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது! கும்பகோணம் பாத்திரக் கடையில் அம்மா கல்யாணமான புதிதில் வாங்கிய பித்தளை நாழி, திருகுக் கைப்பிடி வைத்தது. இடியாப்ப வில்லை, தேன்குழல் வில்லை, ஓமப்பொடி, ரிப்பன் எல்லாம் ஒரு துணிப் பையில் கட்டிப் பரணில் இருந்தது. "தீபாவளிக்குக்கூட அதைக் கீழ எறக்க மாட்டேங்குற, கிழங்குக்கு எறக்குறியா?" என்று கேட்டாலும், வில்லைப் பையை எடுத்துக் கொடுத்தது அம்மாதான்.

ஓமப்பொடி வில்லை சரிப்படாது, ஓட்டை சின்னது, திருகத் திருகக் கைதான் வலிக்கும். இடியாப்ப வில்லையில் வந்தது ரொம்ப மிருதுவாக இருந்தாலும் நேரம் பிடித்தது, அதற்குள் கிழங்கு ஆறிவிடுகிறது. தேன்குழல் வில்லைதான் பொருத்தம். அதன் ஓட்டையில் ஒரு தடவை, போதும். இன்னும் மிருதுவாக்கும் ஆசையில் இடியாப்ப வில்லையில் இரண்டாம் முறை பிழிய வேண்டாம்.

இதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று. கிழங்கைத் தோலுரிக்கவே தேவையில்லை. சுடச்சுட இரண்டாக நறுக்கி, வெட்டுப்பட்ட பக்கம் வில்லையைப் பார்க்க நாழிக்குள் வைத்துத் திருகினால், சதை கீழே இறங்கும், தோல் வில்லைமேல் அப்பளமாகப் படிந்து உள்ளேயே நின்றுவிடும். கத்தி முனையால் அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கிழங்கு. பத்து விரலும் வெந்துகொண்டு தோலுரிக்கும் வேலை மிச்சம். கிழங்கு சூடாக இருப்பது முக்கியம். ஆறினால் மாவு இறுகிக்கொண்டு வில்லையில் இழுக்கும். பலம் போட்டுத் திருகத் திருகப் பைகள் கிழியும். நாழியின் பித்தளைக் குழலும் கொதிக்கும், பழைய துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிழிந்து விழும் இழைகளைச் சட்டியில் குவிக்காமல் அகலத் தாம்பாளத்தில் விழ விட்டேன். ஒவ்வொரு இழையிலிருந்தும் ஆவி பறக்கும். அந்த ஆவி வேண்டாத ஈரம்; அது போகிற அளவுக்கு வெண்ணெய் உள்ளே போகும். ஒரு நிமிடம் விட்டால் இழைகளின் மேற்பரப்பு பளபளப்பு போய் மங்கலாகும். அந்த நேரத்தில் அடிகனமான சட்டிக்கு மாற்றி, சிறு தீயில் மரக்கரண்டியால் ஒரு புரட்டு. சட்டியின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டினால் ஈரம் போதுமான அளவு போய்விட்டது என்று அர்த்தம்.

இனி வெண்ணெய். இந்தப் பண்டத்தை ஒரு பெரிய சமையல்காரரின் அடையாளமாகவே மாற்றியவர் பாரிஸின் ஜோயல் ரோபுஷான். 2018-ல் இறந்துபோனார். அவருடைய கணக்கு ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ வெண்ணெய், அதோடு கால் லிட்டர் அளவுக்குப் பால். 'ராத்' என்னும் சின்ன ரகக் கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கையால் சுற்றும் அரைப்பானில் மசித்து, தீயில் உலர்த்தி, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடித்து, கொதிக்கும் பாலை நூலாக ஊற்றுவார். நானும் அந்த அளவிலேயே ஒரு தடவை செய்தேன். ருசி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அது கரண்டியில் நிற்காமல் வழிகிற பண்டம். பீங்கான் தட்டில் வட்டமாகப் பரப்பினால் அழகாக இருக்கும். தலைவாழை இலையில் வைத்தால் இலையின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய், ஊறுகாயைத் தாண்டி, நடு நரம்பில் முட்டித்தான் நின்றது. இலையில் பரிமாற வேண்டுமானால் வெண்பொங்கல் கெட்டி வேண்டும். என் அளவு ஒரு கிலோ கிழங்குக்கு 100 கிராம் வெண்ணெய், முக்கால் தம்ளர் பால், அதாவது 150 மில்லி. கெட்டியாகவும் நிற்கும், நாக்கில் கரையவும் செய்யும்.

எங்கள் வீட்டு வெண்ணெய் தயிர் ஏட்டைச் சேர்த்துக் கடைந்தது. கடை வெண்ணெயில் எண்பது சதவீதம் கொழுப்பு இருக்கும்; வீட்டில் கடைந்ததை நன்றாகப் பிழிந்து கழுவாவிட்டால் மோர் தங்கிவிடும். அந்த மோரின் மெல்லிய புளிப்பு கிழங்குக்கு நன்றாகவே பொருந்துகிறது என்பதால் நான் ரொம்பப் பிழிவதில்லை. அதற்கேற்ப ஒரு கரண்டி பாலைக் குறைத்தால் சரி. பழைய வெண்ணெய் மட்டும் கூடாது. நெய் காய்ச்சச் சேர்த்து வைத்ததை எடுத்துப் போட்டால் சட்டி முழுக்கச் சிக்கு வாடை அடிக்கும். நெய்யே ஊற்றினால் என்ன என்று அம்மா கேட்டதற்காக அதையும் பார்த்தேன். வாசனை பிரமாதம், ஆனால் நெய்யில் தண்ணீர் இல்லாததால் கிழங்கோடு கலந்து குழையாமல் தனியாகப் பிரிந்து பளபளக்கிறது. பொங்கலுக்கு அது அழகு, இங்கே இல்லை.

வெண்ணெய் முதலில், பால் பிறகு என்பது சமையல்காரர்கள் சொல்லும் வரிசை. கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டால் பிறகு வரும் பாலை அது ஒரேயடியாக உறிஞ்சாது என்பார்கள். வரிசையை மாற்றியும் செய்தேன். ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வெண்ணெய் முதலில் போனால் பால் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஊற்ற முடிகிறது. அந்த வசதிக்காக அதையே வைத்துக்கொண்டேன். பால் சூடாக இருக்க வேண்டும், உப்பை அதிலேயே கரைத்துவிட வேண்டும். கிழங்கில் பொடி உப்பைத் தூவிக் கிளறினால் உப்பு பரவுவதற்காகவே கூடுதலாகக் கிளற வேண்டியிருக்கும், மறுபடியும் பசைதான். கரண்டியை அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேர்த்தவுடன் நிறுத்திவிடுங்கள். மேலே கொரகொரவென்று இடித்த மிளகு.

சரி, இதை எதற்குத் தொட்டுக்கொள்வது? என் தீர்ப்பு கறாரானது: சாம்பார் சாதத்துக்கு ஆகாது, ரசத்துக்கு ஆகாது, தயிர் சாதத்துக்கு ஆகவே ஆகாது. மூன்றிலும் மெத்தென்ற சோற்றோடு மெத்தென்ற கிழங்கு சேர்ந்து, வாயில் எது எங்கே என்று தெரியவில்லை. நம் இலையில் தொட்டுக்க என்று வைப்பதற்கு ஒரு வேலை உண்டு. காரமோ புளிப்போ மொறுமொறுப்போ கொடுத்துச் சோற்றைத் தூக்க வேண்டும். இந்தக் கிழங்குக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆனால் வத்தக்குழம்புச் சாதத்தோடு வைத்தபோது கதை மாறியது. சுண்டைக்காயின் கசப்பும் நல்லெண்ணெய் மிதக்கும் புளிப்பும் தொண்டையைப் பிடிக்கும் நேரத்தில் ஒரு வாய் வெண்ணெய்க் கிழங்கு நாக்கைத் துடைத்துக் கொடுக்கிறது. மிளகுக் குழம்புக்கும் அப்படித்தான்.

பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. சோறே வேண்டாம் என்று கிழங்கைக் குவித்து, நடுவில் கரண்டியால் குழி பறித்து, அதில் குழம்பை ஊற்றிக்கொண்டு, கரையை உடைத்து உடைத்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் ஊரில் வறுத்த கறியின் சாற்றைக் கெட்டியாக்கி இப்படித்தான் ஊற்றுவார்களாம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த வஞ்சிரத்தை வறுத்து இதோடு வைத்தபோதும் இலை காலியானது. மொறுமொறுப்பும் காரமும் மீனில் இருந்துவிட்டதால் கிழங்கு நிம்மதியாக இருந்தது.

சோற்றுக்கே தொட்டுக்கொள்கிற மசித்த கிழங்கை எனக்குக் காட்டியவர்கள் நடவுக்கு வந்தவர்கள். சில வருஷங்களாகவே டெல்டாவில் நடவு வேலைக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் குறுவைச் சமயத்தில் எங்கள் போர் ஷெட்டில் ஒரு குழு தங்கியிருந்தது. அவர்கள் சோறு பொங்கும்போதே அந்தப் பானைக்குள் கிழங்கையும் போட்டுவிடுகிறார்கள். சோறு வெந்ததும் கிழங்கை எடுத்து உரித்து, பச்சை வெங்காயம், வாட்டிய காய்ந்த மிளகாய், உப்பு போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே கடுகெண்ணெய். "ஆலு மாக்கா, அண்ணா" என்று ஒரு உருண்டை கொடுத்தார்கள். அங்கே இது அன்றாடச் சோற்றுக்கான பண்டம். பீகாரில் இதன் உறவுக்காரனுக்கு சோக்கா என்று பெயர். கடுகெண்ணெயின் நெடி மூக்கில் ஏறியதும்தான் எனக்கு விளங்கியது: சோற்றுக்குத் துணை போகும் மசியலில் பாலுக்கும் வெண்ணெய்க்கும் வேலை இல்லை, உறைப்புக்குத்தான் வேலை.

வீட்டுக்கு வந்து அதை நம் சரக்கில் செய்தேன். அவர்கள் கொடுத்த கடுகெண்ணெயை முகர்ந்துவிட்டு அம்மா "தைல வாசனை அடிக்குதுடா" என்று தள்ளிவிட்டதால் நல்லெண்ணெய். நாழியில் பிழிந்த கிழங்கில் வெண்ணெய் போடாமல், கோடையில் காயவைத்த வெங்காய வடகத்தை எண்ணெயில் சிவக்கத் தாளித்து அப்படியே கொட்டினேன். இரண்டு மோர்மிளகாயையும் வறுத்து நொறுக்கிப் போட்டேன். வடகத்தில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, வெந்தயம் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் வேறொன்றும் தேவையில்லை. ரசஞ்சாதத்துக்கு வெண்ணெய்க் கிழங்கைத் தள்ளி வைத்த அதே அம்மா, இதைப் போட்டு இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு வகை: கறியும் மீனும் உள்ள நாளில் வெண்ணெய்க் கிழங்கு, சாதாரண நாளில் வடகக் கிழங்கு.

மிச்சம் மீந்தால், பால் சேர்த்ததை நம் வெயிலுக்குச் சாயங்காலம் வரை வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு இறுகிக் கட்டியாகிவிடும். இரண்டு கரண்டி பால் தெளித்துச் சிறு தீயில் சூடாக்கினால் திரும்ப இளகும், ஆனால் முதல் நாள் பக்குவம் வராது. அதனால் நான் அதைச் சப்பாத்தி மாவுக்குள் வைத்துத் தேய்த்துவிடுகிறேன். போண்டாவுக்கு உருட்டினால் வெண்ணெய் இளகி எண்ணெயில் பிரிந்துவிடும். ஒரு பிடி பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்தால் பிடித்துக்கொள்ளும்.

நாழியைப் பிழிந்து முடித்த கையோடு பச்சைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். வெந்நீர் ஊற்றினால் வில்லை ஓட்டையில் இருக்கும் மாவு இன்னும் பசையாகும். காயவிட்டுவிட்டால் ஒவ்வொரு ஓட்டையையும் துடைப்பக்குச்சியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். ஊறியதும் வில்லையைத் தனியே கழற்றி, திருகின் மறைக்குள் போயிருக்கும் கிழங்கைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, புளி போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்து வைத்தால் தீபாவளி முறுக்குக்குத் தயார்.